கடல் கடந்த கலியாணப் பயணம்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். "பிள்ளைகுட்டிகளோடு கலியாணத்துக்குப் போய்ப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் அவர்கள் சேர்த்திருக்கலாம் என்பது என் எண்ணம். சென்ற ஆண்டு அந்தப் பேறு எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்தது. நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் என் தந்தையின் தாய்மாமன் வழியில் ஒரு கலியாணம். பெரகலச் சந்தியிலிருந்து பதினொரு பேர் புறப்பட்டோம். அவர்களில் ஐவர் பத்து வயதுக்கு உட்பட்டவர்கள். ஹல்துமுல்லை வளைவுகளிலேயே இருவர் வாந்தி எடுத்துவிட்டனர். இரத்தினபுரிக்கு வருமுன் பலகாரப் பெட்டி காலியாகிவிட்டது. விமான நிலையத்தில் ஒரு சிறுவனைக் காணாமல் கால் மணி நேரம் தேடினோம். இவை எல்லாக் குடும்பங்களும் அறிந்தவையே.

எங்களில் மூத்தவர் என் அப்பாயி. எண்பது வயது. "முன்னர் எப்போதாவது இந்தியாவுக்குப் போனதுண்டா?" என்று அங்கிருந்த ஓர் உத்தியோகத்தர் மரியாதையாகவே அவரைக் கேட்டார். "போயிருக்கேன் தம்பி. அப்பவும் கலியாணத்துக்குத்தான் போனோம். எனக்கு ஒரு வயசு, எங்கம்மா இடுப்புல இருந்தேன்" என்றார் அப்பாயி. உத்தியோகத்தர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். ஆனால் அந்த ஒரு பயணத்துக்காக எங்கள் குடும்பம் என்ன விலை கொடுத்தது என்பதை அறிந்திருந்த என் தந்தை மட்டும் சிரிக்கவில்லை.

மலையகத் தமிழரின் சரித்திரத்தைத் தேயிலையின் சரித்திரமாகவும், சம்பளப் போராட்டங்களின் சரித்திரமாகவும் பலர் எழுதியுள்ளனர். கலியாணத்துக்குப் போய்வந்த பயணங்களின் சரித்திரமாகவும் அதனை எழுதலாம். இக்கட்டுரை அதற்கான ஒரு சிறு முயற்சி.

நடந்து வந்த காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்மலைகளில் விளைந்தது கோப்பி. கோப்பிப் பழம் பறிப்பதற்கு ஒரு பருவம் உண்டு; பருவம் முடிந்தால் வேலை குறைந்துவிடும். எனவே தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களிற் பெரும்பாலானோர் ஆடவர்களே. வள்ளங்களில் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை நூறு மைலுக்கும் மேலாகக் காட்டுவழியே நடந்தார்கள். ஊவாவுக்கு வந்தவர்கள் அதற்கு மேலும் மலையேற வேண்டியிருந்தது. காலராவாலும் காய்ச்சலாலும் அவ்வழியில் மாண்டவர் பலர். அவ்வழியிற் பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பதென்பது எமனோடு விளையாடுவது. ஆகவே கலியாணம், காதுகுத்து, கருமாதி எல்லாம் ஊரிலேயே நடந்தன. பருவம் முடிந்து திரும்புபவன் கலியாண மாப்பிள்ளையாகத் திரும்பினான். அடுத்த பருவத்துக்கு மனைவியை ஊரில் விட்டுவிட்டுத் தனியே வந்தான்.

1869ஆம் ஆண்டு முதல் கோப்பி இலையில் நோய் கண்டது. சில ஆண்டுகளிற் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவ ஓய்வு இல்லை. கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். அதைக் கிள்ளப் பெண்களின் கைகள் வேண்டும். எனவே குடும்பங்கள் வந்தன. லயங்களில் தொட்டில்கள் கட்டப்பட்டன. ஆயினும் பிள்ளைகள் வளர்ந்து கலியாண வயதை அடைந்தபோது, முறைப்பெண்ணும் முறைமாப்பிள்ளையும் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். தாய்மாமன் சீர் இல்லாமல் நம்மவர் வீட்டில் எந்தக் காரியம் நடந்தது? மாமனைத் தேடி மருமகனும், மருமகளைத் தேடி மாமனும் கடல் கடக்கலாயினர்.

கோச்சியும் கப்பலும்

அந்தப் பிரயாணத்தை எளிதாக்கியவை இரண்டு. கொழும்பிலிருந்து மலையேறி வந்த புகைவண்டிப் பாதை 1885இல் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும், 1924இல் பதுளையையும் எட்டியது. மற்றொன்று 1914ஆம் ஆண்டின் காரியம். அவ்வாண்டு பெப்ரவரி 24ஆம் திகதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. கடற்பயணம் இருபது மைலுக்குச் சற்று அதிகம். சில மணி நேரந்தான்.

பெரகலையிலிருந்து கலியாணத்துக்குப் போகும் குடும்பத்தின் வழி இதுதான்: மூட்டை முடிச்சுகளோடு அப்புத்தளைக்கு ஏறிக் கோச்சியைப் பிடிப்பார்கள். பட்டிப்பளை உச்சியைத் தாண்டி, நானுஓயா, பேராதனை வழியாகப் பொல்காவலையில் இறங்கி, வண்டி மாறுவார்கள். மாகோ, அநுராதபுரம், மதவாச்சி கடந்து தலைமன்னார்த் துறை. அங்கே கப்பல். அக்கரையில் தனுஷ்கோடி, பிறகு இராமநாதபுரம், மானாமதுரை வழியாகத் திருச்சி, புதுக்கோட்டைச் சீமை. பெரியவர்களுக்கு அது பிரயாணம். பிள்ளைகளுக்கோ உலகத்தைக் காணும் வித்தை. மலைக் குளிரைத் தவிர வேறெதையும் அறியாத பிள்ளை, ஒரே பயணத்தில் சமவெளியையும் வெயிலையும் கடலையும் கண்டது. மலையகத்தின் பல குழந்தைகளுக்குக் கடல் என்பது கலியாணத்துக்குப் போகும் வழியில் குறுக்கிட்ட ஒரு தண்ணீர்.

திரும்பும்போது மண்டபம் முகாம் இருந்தது. தோட்டங்களுக்கு வருபவர்கள் நோய்க் காவலுக்காக அங்கே சில நாட்கள் தங்க வேண்டும். வைத்தியர் பார்த்த பின்னரே கப்பலேறலாம். கலியாணத்தில் உடுத்த புதுச்சேலை மடிப்புக் கலையாமல் பெட்டியில் இருக்க, தாய்மார் முகாம் முற்றத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் காத்திருந்தனர்.

செலவுக்குப் பணம் ஏது? பெரியகங்காணியிடம் முன்பணம்தான். கலியாணக் கடன் பேரேட்டில் ஏறும். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் போக விரும்பினால், கடன் தொகையைக் காட்டும் 'துண்டு' தொழிலாளியின் பின்னே போகும். புதுத் தோட்டத்தில் கடன் தீர்க்கப்பட்டால்தான் விடுதலை. இத்துண்டு முறை 1921ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துண்டு ஒழிந்தும் கடன் ஒழியவில்லை. எனினும் கடன் வாங்கியேனும் மக்கள் போனார்கள். போகாதிருந்தால் உறவு அறும் என்று அறிந்திருந்தார்கள்.

உறவு அறுவது வெறும் பயமன்று. மொரீசியசுக்கும், பிஜித் தீவுக்கும், தென்னாபிரிக்காவின் நேட்டாலுக்கும் போன நம் தமிழரை எண்ணிப் பாருங்கள். ஒரு கலியாணத்துக்காக அத்தனை கடலைத் தாண்டி வர அவர்களால் இயலவில்லை. இரண்டு மூன்று தலைமுறைகளில் பலருக்கு ஊரின் பெயரே மறந்தது. தென்னாபிரிக்காவில் கலியாணமே வழக்குமன்றம் ஏறியது. 1913ஆம் ஆண்டில் அங்கே நீதிபதி சேர்ல் அளித்த தீர்ப்பு, இந்திய சமய முறைப்படி நடந்த விவாகங்களைச் செல்லாதவையாக்கியது. அதனை எதிர்த்துப் பெண்களும் காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் இறங்கிச் சிறை சென்றனர். அச்சிறைவாசத்தில் நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பெப்ரவரி 22ஆம் திகதி உயிர் நீத்தாள். பாம்பன் பாலம் திறந்தது அதற்கு இரண்டு நாட்களின் பின். ஒரு கடலுக்கு அப்பால் தமிழரின் கலியாணத்துக்காக ஒரு சிறுமி உயிர் கொடுத்த வாரத்தில், மற்றொரு கடலின் மேல் கலியாண வீட்டுக்குப் பாதை திறந்தது. அந்தப் பாதையிலும் பின்னர் சட்டம் வந்து நின்றது.

பயணத்தைக் கணக்கெடுத்த சட்டம்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், ஒருவர் பிறப்பால் இலங்கையரா என்பதை அவருடைய தந்தை எங்கே பிறந்தார், பாட்டனாரும் பூட்டனாரும் எங்கே பிறந்தனர் என்று கேட்டுத் தீர்மானித்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும் என்பது நமது வழக்கம். தாய்வீடு அக்கரையில் இருந்தால் மூத்த பிள்ளை அக்கரையிற் பிறக்கும். ஐந்து மாதக் குழந்தையாக லயத்துக்கு வந்து, ஐம்பது வருடம் இந்த மண்ணில் உழைத்தவனும் பிறந்த இடத்தால் அந்நியன் ஆனான். சீமந்தம் முடிந்து மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்த நாளில், பேரப்பிள்ளையின் பிரஜாவுரிமையை இழக்கிறோம் என்று எந்தத் தாய் நினைத்திருப்பாள்?

அடுத்து வந்தது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம். இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் பிரஜாவுரிமைச் சட்டம் என்பது அதன் பெயர். 1946 சனவரி முதலாம் திகதிக்கு முன், விவாகமானவர் ஏழு ஆண்டும் விவாகமாகாதவர் பத்து ஆண்டும் இங்கே இடைவிடாது வாழ்ந்திருக்க வேண்டும் என்று அது விதித்தது. இடையிடையே வெளியே போய் வரலாம். ஆனால் எந்த ஒரு தடவையும் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படக் கூடாது. அத்தோடு நிற்கவில்லை. மனைவி, திருமணமான முதலாண்டு முடிவதற்குள் இங்கு வந்து, விண்ணப்பம் செய்யும் நாள்வரை தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். தகப்பனாரின் பராமரிப்பில் உள்ள வயதுவராத பிள்ளையோ, ஒரு வயது நிறையும் நாள் முதல் தொடர்ந்து இங்கே வசித்திருக்க வேண்டும்.

இவ்விதிகளை நிதானமாகப் படித்தால் ஒன்று விளங்கும். இவை ஒவ்வொன்றும் ஒரு கலியாணப் பயணத்தைத் தொடுகின்றன. புது மனைவி எப்போது வந்தாள்? பிள்ளையை ஊரில் எத்தனை மாதம் விட்டீர்கள்? தங்கை கலியாணத்துக்குப் போனவர் எப்போது திரும்பினார்? உறவினர் மட்டுமே கேட்கும் கேள்விகளை அரசாங்கம் கேட்டது. உறவினர் வாயாற் சொன்னதை நம்பினர்; அரசாங்கம் எழுத்திற் கேட்டது.

எங்கள் அப்பாயியின் கதைக்கு இப்போது வருகிறேன். 1946ஆம் ஆண்டில் அவருடைய தகப்பனார், தம் தங்கையின் கலியாணத்துக்காக மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்குப் போனார். கடைக்குட்டி அப்பாயி. கலியாணம் முடிந்த மூன்றாம் நாள் குழந்தைக்குக் கடுங்காய்ச்சல். தோட்டத்தில் பெற்ற விடுமுறையோ முடிந்துகொண்டிருந்தது. இன்னும் தாமதித்தால் பெயர் வெட்டுப்படும். குழந்தையை அம்மாயியிடம் விட்டுவிட்டுத் தாயும் தகப்பனும் கண்ணீரோடு கப்பலேறினர். பதினான்கு மாதங்களின் பின் தாய்மாமன் ஒருவர் குழந்தையைக் கொண்டுவந்து சேர்த்தார். குழந்தைக்குப் பெற்ற தாயை அடையாளம் தெரியவில்லையாம். மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுததாம்.

1951இல் தகப்பனார் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தார். பின்னர் விசாரணை வந்தது. இருபதாண்டு வேலை செய்த பதிவு அவரிடம் இருந்தது. ஆனால் மூன்றாவது பிள்ளை எங்கே இருந்தது என்ற கேள்வி வந்தபோது, அவர் உள்ளதை உள்ளபடியே சொன்னார். பன்னிரண்டு மாதம் என்று சட்டம் சொல்லிற்று. இவர் பதினான்கு என்றார். விண்ணப்பம் தள்ளப்பட்டது. அக்கடிதம் இன்னும் அப்பாயியின் தகரப் பெட்டியில் இருக்கிறது. "எனக்குக் காச்சல் வராம இருந்திருந்தா எல்லாருக்கும் பிரஜாவுரிமை கெடச்சிருக்கும்" என்று அப்பாயி இன்றும் சொல்வார். ஒரு வயதுக் குழந்தைக்கு வந்த காய்ச்சலை எண்பது வயதிலும் தம் குற்றமாகச் சுமக்கிறார்.

அவ்வாறு தள்ளப்பட்டது ஒரு குடும்பம் மாத்திரமன்று. ஏறக்குறைய 2,37,000 விண்ணப்பங்களில் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பிரஜாவுரிமை கோரினர். கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு.

போய்வருபவன் அந்நியனா?

அக்காலத்தில் சொல்லப்பட்ட நியாயம் ஒன்று உண்டு. தோட்டத் தொழிலாளர் அங்கும் இங்கும் போய்வருபவர். இந்நாட்டில் அவர்களுக்கு நிலையான பற்று இல்லை என்பதே அது. அந்த நியாயத்தைக் கேலி செய்வது எளிது. பதில் சொல்வதே கடமை. கொழும்பிலே கந்தோர் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தார், ஒவ்வொரு கலியாணத்துக்கும் புகைவண்டியேறி ஊருக்குப் போனார். தோட்டத்துரை மாதக்கணக்கில் விடுமுறை பெற்றுச் சீமைக்குப் போய்க் கலியாணம் முடித்துத் துரைச்சானியோடு திரும்பினார். அவர்கள் திரும்பி வந்தது வேலையின் மீதும் வீட்டின் மீதும் கொண்ட பற்றுக்கு அடையாளமாயிற்று. எங்கள் பாட்டன்மார் திரும்பி வந்ததோ பற்றின்மைக்குச் சான்றாயிற்று. நோயுற்ற குழந்தையை விட்டுவிட்டுப் பெரகலைப் பிரட்டுக்குத் திரும்பிய ஒரு மனிதனுக்கு இந்த மண்ணில் பற்றில்லை என்றால், பற்று என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றவராகக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். மீதி 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதமும் நிறையுமுன், அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் திகதி இரவு பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் வாயிலிற் பயணிகளோடு ஒரு புகைவண்டியும் கடலிற் போயிற்று. பின்னர் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. முன்னர் கலியாணத்துக்குப் போய்வந்த அதே துறையால், இப்போது திரும்பாத பயணம் நடந்தது.

அப்பாயியின் பெற்றோரும் அண்ணன்மார் இருவரும் 1972இல் போயினர். 1968இல் தமிழ்நாட்டு அரசு தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கிய நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் அவர்களுக்கு வேலை கிடைத்தது. கைக்குழந்தையோடு இருந்த அப்பாயி, கணவர் பக்கம் நின்றுவிட்டார். அப்புத்தளைப் புகைவண்டி நிலையத்தில் தாய் தம் கழுத்திலிருந்த மணிமாலையைக் கழற்றிக் குழந்தையின் கழுத்தில் போட்டாராம். அந்தக் குழந்தைதான் என் தந்தை.

அதன் பின் அக்கரையிற் கலியாணங்கள் நடந்தன. பத்திரிகைகள் தபாலில் வந்தன. அப்பாயி ஒன்றுக்கும் போகவில்லை. எந்த நாட்டுக்கும் உரியவரல்லாத ஒருத்திக்குக் கடவுச்சீட்டை யார் கொடுப்பார்? 1980களின் நடுப்பகுதியில் யுத்தத்தால் கப்பலும் நின்றது. கடைசியில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. அப்போது அப்பாயிக்கு ஐம்பத்தெட்டு வயது.

வாலிபர்களுக்கு ஒரு வேண்டுகோள்

கூடலூர்க் கலியாண வீட்டு வாசலில் எங்களை எதிர்கொண்டவர், அப்பாயியின் சின்ன அண்ணன். எண்பத்திரண்டு வயது. இருவரும் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரத்தின் பின் அவர், "காச்சல் விட்டுருச்சா?" என்று கேட்டார். எழுபத்தொன்பது ஆண்டுகளுக்கு முந்திய காய்ச்சலை விசாரித்தார். அப்பாயி வாய்விட்டுச் சிரித்தார்; பிறகு அழுதார். சுற்றி நின்ற பிள்ளைகள் ஒன்றும் விளங்காமல் விழித்தனர்.

அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் மிஷன் பாடசாலையிற் படித்தபோது, "சான்று இல்லாத சரித்திரம் வெறுங்கதை" என்று எங்கள் ஆசிரியர் அடிக்கடி சொல்வார். நமது மூத்தோர் சான்று இல்லாமையால் தோற்றவர்கள். உண்மை அவர்களிடம் இருந்தது, கடதாசிதான் இருக்கவில்லை. ஆகவே சங்கத்து வாலிபர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய கலியாணப் பத்திரிகை, பிறப்புச் சாட்சிப் பத்திரம், தள்ளப்பட்ட விண்ணப்பம் எதுவாயினும் பத்திரப்படுத்துங்கள். யார், எந்த ஆண்டு, யாருடைய கலியாணத்துக்கு, எந்தப் பிள்ளைகளோடு போனார் என்று பெரியோரைக் கேட்டு எழுதி வையுங்கள். உங்கள் விவாகங்களைத் தவறாது பதிவு செய்யுங்கள். பெரியோர்களே, நீங்களும் கூச்சமின்றிச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட வேண்டியவர் நீங்களல்லர்.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் விடப்பட்டது. அடுத்த கலியாணத்துக்குக் கப்பலில் போக வேண்டுமென்று எங்கள் வீட்டுச் சிறுவர்கள் இப்போதே அடம்பிடிக்கிறார்கள்.

விடைபெறும்போது நம்மவர் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'போய் வருகிறேன்' என்றே சொல்வர். கூடலூர் வாசலில் அப்பாயியும் அண்ணனிடம் அதையே சொன்னார். இரண்டு வார்த்தைதான்; போவதும் வருவதும் அதற்குள் அடக்கம். அன்று விசாரணை மேசையில் தம் தகப்பனார் சொல்ல முயன்றதும் அதுதான் என்று, பெரகலச் சந்தியில் வந்து இறங்கிய பிறகு அப்பாயி என்னிடம் சொன்னார்.